1949-ஐயும் 2021-ஐயும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்

கேட்டோமேனர்_பேரன்:
2021 ஜூலைக் கலவரத்தின்போது டர்பனை அடுத்த இந்தியர் குடியிருப்பான பீனிக்ஸில் போட்ட தெருத் தடுப்புகளைப் பற்றிப் பீனிக்ஸ்வாசி நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "1949 ஜனவரியில் நம்மை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் 2021 ஜூலையில் நம் வீடுகளைக் கொளுத்த வந்தார்கள், தெருமுனையில் தடுப்புப் போட்டதில் என்ன குற்றம்?" என்று கேட்டிருக்கிறார். 1949-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் மாண்டவர்கள் 142 பேர். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். அந்த 87 பேரை விழுங்கிவிட்டு யாரும் எனக்கு வரலாறு சொல்ல வேண்டாம்.

பீனிக்ஸ்வாசி:
அந்த 87 பேரில் பலர் காவல்துறையும் இராணுவமும் சுட்டதில் விழுந்தவர்கள் ஐயா, நம்மவர் கையால் இறந்தவர்கள் அல்லர். இரு இனத்தவரும் வாழ்ந்த டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் எரிந்த வீடுகளும் சூறையாடப்பட்ட கடைகளும் யாருடையவை என்பதையும் கொஞ்சம் சொல்லுங்கள். கைக்குழந்தையோடு கரும்புக் காட்டுக்குள் ஒளிந்த என் பாட்டியிடம் போய் உங்கள் 87-ஐச் சொல்லியிருக்க வேண்டும்.

மேரிட்ஸ்பர்க்_ஆசிரியை:
இருவரும் எண்ணிக்கையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். விக்டோரியா தெருவருகே ஓர் இந்தியக் கடைக்காரர் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனை அடித்தார்; கண்ணாடி உடைந்து அவனுக்கு இரத்தம் கொட்டியது. சிறுவன் பிழைத்திருக்க, அவனைக் கொன்றுவிட்டார்கள் என்ற வதந்தி ஊரைச் சுற்றிவிட்டது. இந்தியர் நடத்திய வாடகை வீட்டிலும் பேருந்திலும் கடையிலும் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருந்த கசப்புக்கு அந்த வதந்தி போதுமாயிருந்தது. அன்று வாய்வழியாகப் பரவியது 2021-இல் வாட்ஸ்அப் குரல்பதிவாகப் பரவியது என்பதே என் கருத்து.

கேட்டோமேனர்_பேரன்:
அம்மா, நீங்கள் சொல்வது இருக்கட்டும். அவர் 87-ஐப் பற்றிக் கேட்டால் பாட்டியைக் கொண்டுவருகிறார். என் தாத்தாவும் கேட்டோ மேனர்தான். அவரையும் அவர் தங்கைகளையும் தன் குடிசைக்குள் வைத்துக் கதவில் நின்றவர் ஒரு சூலு முதியவர். தாத்தாவின் நிலத்தில் வாடகைக்கு இருந்தவர். வாடகை பாக்கிக்காக முந்தைய மாதம்தான் இருவருக்கும் வாய்ச்சண்டை. இப்படிக் காப்பாற்றியவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் பீனிக்ஸை அடுத்த இனாண்டாவில்தானே இருக்கிறார்கள்? தடுப்பில் டார்ச் அடித்து முகம் பார்த்தபோது, யார் வெட்டியவரின் பேரன், யார் காப்பாற்றியவரின் பேரன் என்று எதை வைத்துக் கண்டீர்கள்?

பீனிக்ஸ்வாசி:
வசதியானவர்களின் உம்ஹ்லாங்காவில் மின்வேலிக்குள் உட்கார்ந்து கேட்பது எளிது. அந்த வாரம் எங்களுக்குக் காவல்துறை இல்லை, கடையில் பால் இல்லை, ரொட்டி இல்லை. "இன்றிரவு வருகிறார்கள்" என்று மணிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. பிள்ளைகளை உடையோடு படுக்க வைத்தோம். பயந்தவனைக் கொலைகாரன் என்பீர்களா?

கேட்டோமேனர்_பேரன்:
பயந்த எல்லோரையும் சொல்லவில்லை. பீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டதாகக் அப்போதைய காவல்துறை அமைச்சர் பெக்கி செலேயே அறிவித்தார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தவர்களும் மறிக்கப்பட்டார்கள். என் தங்கை வீட்டுத் தெருவில் பழைய மெத்தையும் டயரும் போட்டு மறித்த பையன்கள், பல ஆண்டுகளாக அந்தத் தெருவில் துணி வெளுத்து, அவர்களையே இடுப்பில் தூக்கி வளர்த்த ஓர் அம்மாளிடம் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே இருந்தது அரை மூட்டை சோளமாவு. அவர் ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்தார். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதற்கும் 1949 தான் காரணமா?

சாட்ஸ்வர்த்_மாமா:
பேரனுக்கு எந்த விவாதத்திலும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும். போன தைப்பூசத்தின்போது காவடி ஊர்வலப் பாதையைப் பற்றிப் பேசியபோதும் இதே கதைதான். அவர் மறந்த ஒன்றைச் சொல்கிறேன். கலவரத்துக்கு அடுத்த ஆண்டே, 1950-இல், இனத்துக்கு ஒரு குடியிருப்பென்று பிரிக்கும் குழுப்பகுதிச் சட்டம் வந்தது. பின்னர் கேட்டோ மேனரைக் காலிசெய்து நம்மைச் சாட்ஸ்வர்த்துக்கும் ஆப்பிரிக்கர்களைக் குவாமாஷுவுக்கும் அனுப்பினார்கள். பீனிக்ஸை 1976-இல் இந்தியருக்கென்று கட்டியதும் அதே அரசு. ஒரே வேலியோரம் சண்டை போட்டுக்கொண்டாவது பேசியவர்கள் அதன்பின் ஒருவரையொருவர் வேலைக்காரராகவும் முதலாளியாகவும் மட்டுமே பார்த்தார்கள்.

பீனிக்ஸ்வாசி:
சட்டம் போட்டவன் வெள்ளைக்காரன், பழி மட்டும் எங்களுக்கு. 1985 ஆகஸ்டில் இனாண்டாவை விட்டு ஓடிய இந்தியக் குடும்பங்களையும், காந்தி 1904-இல் நிறுவிய ஆசிரமம் எரிந்ததையும் ஏன் ஒருவரும் எழுதவில்லை?

கேட்டோமேனர்_பேரன்:
எழுதலாம், தனி இழை தொடங்குங்கள். மாமா, காவடிப் பேச்சை இங்கே இழுக்காதீர்கள். அன்றும் பாதி படித்துவிட்டுத்தான் பதில் எழுதினீர்கள். பீனிக்ஸ்வாசி, 142-இல் 87. ஏற்கிறீர்களா, இல்லையா?

பீனிக்ஸ்வாசி:
அது யார் எண்ணிய கணக்கு? சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விடாததால் ஆப்பிரிக்கர்களின் காங்கிரசும் இந்தியர்களின் காங்கிரசும் விலகிய விசாரணைக் குழுவின் காலத்துக் கணக்கு. அந்த அரசை வேறு எதிலும் நம்பாத நீங்கள் இதில் மட்டும் நம்புகிறீர்கள்.

மேரிட்ஸ்பர்க்_ஆசிரியை:
நம்மவர் 50 பேர் என்பதும் அதே கணக்குத்தான். அதை மட்டும் நீங்கள் சந்தேகிக்கவில்லையே.

பீனிக்ஸ்வாசி:
என் பாட்டியின் அண்ணன் அந்த 50 பேரில் ஒருவர், அம்மா. அவரை எண்ண எனக்கு எந்தக் குழுவும் தேவையில்லை.

கேட்டோமேனர்_பேரன்:
மற்றவர்களுக்கும் அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். நாளை மாலை எழுதுகிறேன்.