சூரியனின் கொரோனா வளையத்தில் அலை வளர்கிறது: நிஜமா, நிரல் கோளாறா?

கிளமெண்டி_மாணவர்:
வணக்கம். எஃப்ஒய்பி எனும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் காந்தப்புலம் வளைத்துப் பிடித்திருக்கும் சூடான வாயு வளையம் ஒன்றைக் கணினியில் ஒற்றைப் பரிமாணத்தில் ஓட்டுகிறேன். 1 மில்லியன் கெல்வின், கன மீட்டருக்கு 10-ன் அடுக்கு 15 எலக்ட்ரான், கணக்கீட்டுக் கட்டம் ஒவ்வொன்றும் 100 கி.மீ. கதிரிழப்பு (கதிர்வீச்சாக வெளியேறும் ஆற்றல்) வெப்பநிலையைப் பொறுத்து மாறும் அடுக்கு −0.5, சூடேற்றம் கன அளவுக்கு மாறிலி. ஈர்ப்பும் வெப்பக் கடத்தலும் உண்டு. அடியில் 3 நிமிட மெது அலை (காந்தப்புலத்தின் வழியே ஒலி போலச் செல்லும் அலை) விட்டால் 10 நிமிடத்துக்குள் வேக வீச்சு இரட்டிப்பாகிறது. வெப்பச் சமன்குலைவால் (சூடேற்றமும் கதிரிழப்பும் ஈடாகாமல் போவதால்) வரும் அலைப்பெருக்கம் என்று எழுதலாமா?

தோபாயோ_கதிர்:
எழுதாதீங்க தம்பி. வானியற்பியலாளர் ஃபீல்டு 1965-ல் இந்தச் சமன்குலைவுக்குத் தந்த நிபந்தனைகளில் அழுத்தம் மாறாத நிலைக்கு ஒன்று, அலைக்கு இன்னொன்று. உங்க சூடேற்றத்துக்கு முதலாவது, அடுக்கு 2-க்குக் கீழே இருந்தாலே குலையும். −0.5 அதில் மாட்டும், ஆனா வளர்வது அலை இல்லை. நின்ற இடத்திலேயே குளிர்ந்து திரளும் கொத்து, கொரோனா மழைக்கு (குளிர்ந்து கீழே விழும் வாயுக் கொத்துகளுக்கு) விதை. அதையும் சுமார் 1.2 லட்சம் கி.மீ.க்குக் குறைந்த நீளங்களில் கடத்தல் அழிச்சிடும். அலை வளரணும்னா, காமா (வெப்பக் கொள்ளளவு விகிதம்) 5/3-க்கு, அடுக்கு −3-க்கும் கீழே போகணும்.

நேரமும் ஒத்துவரலை. உங்க அடர்த்தியில் கதிரிழப்பால் குளிரும் காலம் ஒரு மணி நேரத்துக்கு மேல். 10 நிமிடத்தில் அது என்ன செய்துவிடும்? உங்க அலைநீளம் சுமார் 27,000 கி.மீ.; அந்த நீளத்தில் கடத்தல் ஒன்றரை நிமிடத்துக்குள்ளேயே வெப்பத்தைப் பரப்பும். அலை தேயத்தான் வேண்டும்.

பொங்கோல்_வாசி:
அப்படின்னா கடத்தல் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பாருங்க. கடத்தல் குணகம் எஸ்ஐ அலகில் 10-ன் அடுக்கு −11, சிஜிஎஸ்ஸில் −6. சிஜிஎஸ் அலகில் எழுதின நிரலில் −11 போட்டா கடத்தல் ஒரு லட்சம் மடங்கு குறைஞ்சு காணாமப் போயிடும், எர்ரர் ஒண்ணும் வராது.

கடத்தல் இல்லாத இடத்தில் ஈர்ப்பு ஒன்றே போதும். அடர்த்தி உயரம் (அடர்த்தி சுமார் 2.7-ல் ஒரு பங்காகக் குறையும் உயரம்) சுமார் 50,000 கி.மீ., அதனால் 70,000 கி.மீ. ஏறினா வேகம் தானா இரட்டிப்பாகும், ஆற்றல் கூடாமலே. 10 நிமிடத்தில் ஒலி 90,000 கி.மீ. போகுது, உங்க எண்ணோட ஒத்துப்போகுது பாருங்க. வேகத்தை விட்டுட்டு, அடர்த்தி பெருக்கல் வேகத்தின் வர்க்கத்தை வரைங்க.

என்எஸ்சிசி (சிங்கப்பூரின் தேசிய மீத்திறன் கணினி மையம்) கியூவில் போடும் முன் லேப்டாப்பில் கதிரிழப்பையும் சூடேற்றத்தையும் சேர்த்து அணைச்சு ஓட்டுங்க. அப்பவும் வளர்ந்தா சமன்குலைவு காரணமே இல்லை.

தோபாயோ_கதிர்:
குணகத்தைத் திருத்தியதும் இன்னொரு தலைவலி வரும். வெளிப்படை முறையில் (அடுத்த நிலையை இப்போதைய மதிப்புகளிலிருந்தே நேராகக் கணக்கிடுவது) கடத்தலுக்கான நேரப்படி 0.02 விநாடிதான், ஒலிக்கு 0.6 தாங்கும். ஒலிப்படியையே விட்டா கட்டத்துக்குக் கட்டம் ரம்பப்பல் மாதிரி வெப்பநிலை ஏறி இறங்கி வெடிக்கும். உட்பொதிந்த முறைக்கு (அடுத்த நிலையின் மதிப்புகளையே சமன்பாடாகத் தீர்ப்பது) மாறுங்க.