டாங்கித் தண்ணிக்கு நல்ல ஹாண்ட் ஷவர் எது?

விசுவமடுவான்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாக்கு முழங்கால் ஏலாது, கிணத்தடியில நிண்டு அள்ளிக் குளிக்கிறது இனிச் சரிவராது எண்டு பாத்ரூமுக்குள்ள கதிரை போட்டு இருத்தித்தான் குளிக்க வாக்கப் போறம். அதுக்குக் கையில பிடிக்கிற ஷவர் ஒண்டு வேணும், 5000 ரூபாக்குள்ள. கிளிநொச்சியில ரெண்டு ஹாட்வெயார் ஏறி இறங்கினன், ஒருத்தர் அஞ்சு மோட் (தண்ணி விழுற விதம்) உள்ளது எடுங்கோ எண்டுறார், மற்றவர் சாப்பாட்டுக் கோப்பை அளவில ஒரு ஷவர் தலையைக் காட்டி இதுதான் இப்ப ஓடுது எண்டுறார். எங்கட டாங்கி 12 அடிக் கொங்கிறீட் தூணில நிக்குது, கிணத்துத் தண்ணிதான், பிரஷர் பம்ப் இல்லை. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுற தண்ணி. எதை எடுக்க?

மாங்குளத்தான்:
தம்பி, ஷவரை விடுங்கோ, முதல் டாங்கியைப் பாருங்கோ. தண்ணி 10 மீற்றர் உயரத்தில நிண்டால்தான் கிட்டத்தட்ட 1 பார் பிரஷர். உங்கட டாங்கி 12 அடியில, அம்மா இருக்கேக்க ஷவரை 4 அடியில பிடிப்பியள், டாங்கித் தண்ணியின்ர உயரத்தையும் சேத்தால் 10 அடி வருமெண்டு வையுங்கோ, அது 0.3 பார். பெட்டியில ஹைபிரஷர் எண்டு அடிச்சிருக்கிறதெல்லாம் ஓட்டையைச் சின்னனாக்கிச் சீற வைக்கிற வேலைதான், ஷவர் தானாப் பிரஷரை உண்டாக்காது, எங்கட டாங்கிக்கு அது நூல் மாதிரித்தான் வரும். பெரிய தலையும் வேண்டாம், அவ்வளவு ஓட்டைக்கும் பிரிஞ்சு சொட்டுச் சொட்டா விழும். உள்ளங்கை அளவுத் தலை, ஒரே மோட், நடுத்தர ஓட்டை, காணும்.

இன்னொண்டு, சிலதில கைபிடிக்கு அடியில ஹோஸ் பூட்டுற வாயில, நடுவில ஊசி ஓட்டையோட ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்கும். பிரஷர் கூடின இடங்களில தண்ணி மிச்சம் பிடிக்கவெண்டு வைக்கிறது. எங்களுக்கு அது தேவையில்லை, கிளப்பி எடுங்கோ. வாசரையும் சேத்து எறிஞ்சு போடாதேங்கோ, பிறகு ஒழுகும்.

பரந்தன் அக்கா:
அஞ்சு மோட் வேண்டவே வேண்டாம், உள்ளுக்குள்ள சின்னச் சின்ன வழி, எங்கட தண்ணிக்குக் கல்சியம் படிஞ்சு இறுகி மோட் திருப்பேலாமப் போகும். கடையிலேயே ஓட்டையைப் பெருவிரலால தேச்சுப் பாருங்கோ, ரப்பர் முலை மாதிரி வளைஞ்சால் எடுங்கோ, குளிக்கேக்க ஒருக்காத் தேச்சு விட்டால் வெள்ளை உதிர்ந்திடும். கடும் பிளாஸ்டிக் எண்டால் ஊசியும் கையுமா நிக்கவேணும். படிஞ்சதுக்கு வினாகிரியும் தண்ணியும் பாதிக்குப் பாதி, ஷொப்பிங் பையில ஊத்தித் தலையை அமிழ்த்திக் கட்டி அரை மணித்தியாலம் விடுங்கோ. தேசிக்காய்ப் பாதியாலயும் தேய்க்கலாம். இரவிரவா ஊற விட்டால் மினுக்கம் போகும்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
காசை ஹோஸில போடுங்கோ அண்ணை, தலையில இல்லை. பூட்டுற நட் பித்தளையா எண்டு திருப்பிப் பாருங்கோ, பிளாஸ்டிக் நட் ரெண்டு தரம் இறுக்க வெடிக்கும். கதிரையில இருத்தி வாக்கிறதெண்டால் ஒன்றரை மீற்றர் இழுபடும், 2 மீற்றர் கேளுங்கோ. புரி எல்லாம் அரை இஞ்சிதான், எந்தத் தலையும் எந்த ஹோஸுக்கும் ஏறும், வேற வேறயா வாங்கினால் மலிவு. டொய்லெட்டுக்குப் பூட்டுற அமத்துற ஸ்பிரே கன்னைத் தந்தால் வாங்காதேங்கோ, குளிக்க முழு நேரமும் அமத்திப் பிடிக்கேலாது.

விசுவமடுவான்:
நன்றி. சுவரில பழைய டப் மட்டும்தான் இருக்கு, அதில பூட்டலாமோ? ஷவர் கொழுவுற கொக்கியை அம்மா பிடிச்சு எழும்புவா எண்டும் பயமாக் கிடக்கு.

மாங்குளத்தான்:
டப்பைக் கழட்டி, ரெண்டு வாய் உள்ள டப் போடுங்கோ, ஒண்டில வாளி நிரப்பலாம், மற்றதில ஹோஸ். த்ரெட் டேப் புரி போற பக்கமாச் சுத்தவேணும். குளிச்சு முடிய டப்பை மூடுங்கோ, ஷவரில ஓன் ஓஃப் பட்டன் இருந்தாலும் அதை மட்டும் நம்பினால் ஹோஸ் எந்த நேரமும் பிரஷரில நிக்கும். கொக்கி ஆளின்ர பாரம் தாங்காது. ஸ்ரெயின்லெஸ் பிடிகம்பி ஒண்டு வேறயாப் போடுங்கோ, ரைல்ஸுக்குப் பின்னால கல்லுக்குள்ள இறங்குற மாதிரி நீட்டு ஸ்குரூ ஆணி. ஷவர் கொக்கியை அம்மா கதிரையில இருந்தபடி கை எட்டுற உயரத்தில அடியுங்கோ.