உதவி: பினாங்குப் பாலத்தைக் கடக்கும் விண்கலம் – விடை 33.75ஆ, 20.25ஆ?

குளுகோர் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நாளை காலை டியூட்டோரியல் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் சுருக்கமாகக் கேட்கிறேன். ஒரு விண்கலம் ஒளியின் வேகத்தில் 0.8 பங்கு வேகத்தில் பினாங்குப் பாலத்தின் மேலாகச் செல்கிறது. கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. நீளச் சுருக்கம் (ஓடும் பொருள் நீளம் குறைவது), கால நீட்சி (ஓடும் கடிகாரம் மெதுவாவது) இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் எனக்கு 20.25 மைக்ரோவினாடி (வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோவினாடி) வருகிறது. விடைத்தாளில் 33.75 என்று இருக்கிறது. விடைத்தாள் தவறா?

பிறைவாசி:
எந்தப் பாலம் என்று நீங்கள் சொல்லவில்லை. 1985இல் திறக்கப்பட்ட பாலம் முழு நீளத்தில் 13.5 கிலோமீட்டர், கடலுக்கு மேல் உள்ள பகுதி மட்டும் 8.4. 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் என்றால் 24. எதை எடுத்துக்கொண்டீர்கள்?

ஜெலுத்தோங் பொறியாளர்:
அதைவிட முக்கியமாக, யாருடைய கடிகாரத்தில் நேரம் கேட்கப்படுகிறது என்பதைச் சொல்லுங்கள். ஆனால் கால நீட்சியைப் புரிந்துகொள்ள ஜிபிஎஸ் ஒன்றே போதும் என்பது என் கருத்து. அந்தச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நம்முடையவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோவினாடி முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் கைப்பேசி வரைபடம் பயன்படாது. இதை வைத்துத் தொடங்கினால் எல்லாம் தெளிவாகும்.

செந்தூல் ஆசிரியர்:
ஐயா, அந்த 38 இந்தக் கேள்விக்கு உதவாது. வேகத்தால் ஏற்படும் கால நீட்சி அக்கடிகாரங்களை நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மைக்ரோவினாடி பின்தங்கச் செய்கிறது; புவியீர்ப்பு குறைவாக இருப்பதால் அவை 45 மைக்ரோவினாடி முந்துகின்றன. மிச்சம்தான் 38. வேகமாக ஓடும் கடிகாரம் மெதுவாகும் என்று படிக்கும் மாணவிக்கு, முந்தும் கடிகாரத்தை முதல் எடுத்துக்காட்டாகக் காட்டினால் குழப்பமே மிஞ்சும்.

காலவெளியன்:
ஒவ்வொரு பருவத்திலும் இதே கேள்வி வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் மட்டும் யாருக்கும் வருவதில்லை. ஒருவர் அளக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓடும் மற்றவரின் அளவாக மாற்றும் லோரன்ட்ஸ் மாற்றத்தைக் கற்காமல் இரண்டு சூத்திரங்களை மனப்பாடம் செய்தால், எதை எங்கே பெருக்குவது என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான்.

குளுகோர் மாணவி:
பாலம் 13.5 கிலோமீட்டர். விண்கலத்தில் இருப்பவரின் கடிகாரம். ஒளியின் வேகம் வினாடிக்கு 300,000 கிலோமீட்டர் என்று கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

செந்தூல் ஆசிரியர்:
அப்படியானால் விடைத்தாள் சரியே, தங்கையே. இரண்டு வழிகளில் பாருங்கள். பாலத்தில் நிற்பவர் கணக்கில், 13.5 கிலோமீட்டரை வினாடிக்கு 240,000 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 56.25 மைக்ரோவினாடி ஆகிறது. ஓடும் கலத்தின் கடிகாரம் அவருக்கு 0.6 மடங்காகவே (1 − 0.8² என்பதன் வர்க்கமூலம்) நகர்வதால், அதில் 33.75 மைக்ரோவினாடி கழிந்திருக்கும். கலத்தில் இருப்பவருக்கோ தம் கடிகாரத்தில் எந்தக் குறையும் இல்லை, பாலம்தான் 8.1 கிலோமீட்டராகச் சுருங்கி எதிர்த்திசையில் ஓடுகிறது. 8.1ஐ அதே வேகத்தால் வகுத்தாலும் 33.75தான். நீங்கள் சுருங்கிய நீளத்தை எடுத்து நேரத்தைக் கண்டபின், அதை மீண்டும் 0.6ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். உங்கள் விடையை ஒரு முறை சோதியுங்கள்: 8.1 கிலோமீட்டர் 20.25 மைக்ரோவினாடியில் கடந்துபோனால், வேகம் வினாடிக்கு 400,000 கிலோமீட்டர் ஆகிறது. ஒளியே அவ்வளவு விரைவாகச் செல்வதில்லை.

காலவெளியன்:
ஆசிரியர் மதிப்பெண் பெறும் வழியைச் சொல்லிவிட்டார். ஆனால் மாணவியின் எண்ணைக் குப்பையில் போட்டதுதான் எனக்கு உடன்பாடில்லை. 20.25க்கு ஒரு பொருள் உண்டு. விண்கலம் பாலத்தின் ஒரு முனையான பிறையிலிருந்து மறுமுனையான குளுகோருக்குச் செல்கிறது என்றும், இரு முனைகளிலும் பாலத்தவர் ஒத்திசைத்த கடிகாரங்கள் இருக்கின்றன என்றும் வையுங்கள். கலத்தில் இருப்பவருக்கு ஓடுபவை அந்தக் கடிகாரங்கள். எனவே தமக்கு 33.75 கழியும்போது அவை ஒவ்வொன்றும் 20.25 மட்டுமே நகர்கின்றன. அப்படியிருக்க, குளுகோர் முனையை அடையும்போது அங்குள்ள கடிகாரம் 56.25 காட்டுவது எப்படி? பாலத்தவர் ஒரே கணம் என்று ஒத்திசைத்தது கலத்தவருக்கு ஒரே கணம் அன்று. பிறைக் கடிகாரம் சுழியம் காட்டிய அதே நொடியில், அவர் கணக்கில் குளுகோர்க் கடிகாரம் ஏற்கெனவே 36 காட்டிக்கொண்டிருந்தது. நீளத்தை வேகத்தால் பெருக்கி ஒளிவேகத்தின் இருமடியால் வகுத்தால் அந்த 36 கிடைக்கும். 36உடன் 20.25ஐக் கூட்டிப் பாருங்கள். இந்த மூன்றாவது விளைவைச் சொல்லாமல் மற்ற இரண்டை மட்டும் கற்பிப்பதால்தான் ஆண்டுதோறும் இந்த இழை திறக்கப்படுகிறது.

ஜெலுத்தோங் பொறியாளர்:
கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் பாலம் உண்மையாகவே சுருங்குகிறதா? 1959இல் பென்ரோஸும் டெரலும் தனித்தனியே காட்டியபடி, அந்த வேகத்தில் படம் எடுத்தால் ஒரு கோளம் நசுங்கித் தெரியாது. வட்ட வடிவமாகவே தெரியும். கால நீட்சிக்குச் சான்றுகள் ஏராளம். நீளச் சுருக்கத்தை யார் அளந்தார்கள்?

செந்தூல் ஆசிரியர்:
படம் காட்டுவது வேறு, நீளம் என்பது வேறு. ஒரே கணத்தில் கேமராவை வந்தடையும் ஒளிக்கதிர்கள் பொருளின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வெவ்வேறு கணங்களில் புறப்பட்டவை. நீளத்தை அளப்பதோ, இரு முனைகளையும் ஒரே கணத்தில் குறிப்பது. சான்றைப் பொறுத்தவரை, 1963இல் ஃப்ரிஷும் ஸ்மித்தும் வெளியிட்ட மியூவான் (வளிமண்டலத்தின் மேலிருந்து வேகமாக இறங்கும், விரைவில் சிதையும் நுண்துகள்) ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில், 1,907 மீட்டர் உயரத்தில், மணிக்கு 563 மியூவான்கள் பதிவாயின, கடல்மட்டத்தருகே 408. சராசரியாக 2.2 மைக்ரோவினாடியே வாழும் துகள், 6.4 மைக்ரோவினாடி ஆகும் பயணத்தில் 563இல் ஏறத்தாழ முப்பதாகக் குறைந்திருக்க வேண்டும். நாம் அதைக் கால நீட்சி என்கிறோம். மியூவானுடன் பயணம் செய்பவருக்கு அதன் ஆயுள் 2.2தான், அவர் அந்த 408ஐ விளக்க வேண்டுமானால், மலை இருநூறு மீட்டர் அளவுக்குச் சுருங்கியது என்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஜெலுத்தோங் பொறியாளர்:
மியூவானுடன் பயணம் செய்தவர் யாரும் இல்லை. நீங்கள் ஒரே சான்றை இரண்டு முறை எண்ணுகிறீர்கள்.

காலவெளியன்:
ஒரு முறைதான் எண்ணுகிறார்; இரு நோக்காளர்களின் கணக்கில் எழுதுகிறார். இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்பதற்கு உங்களுக்கு உரிமை இல்லை.

குளுகோர் மாணவி:
33.75 என்று எழுதி, 36 எப்படி வருகிறது என்பதையும் ஓரத்தில் சேர்த்துவிட்டேன். நன்றி.

பிறைவாசி:
இந்தச் சோதனையை நம் பினாங்குக் கொடிமலையில் செய்ய முடியாதா? உயரம் 833 மீட்டர் மட்டுமே.

செந்தூல் ஆசிரியர்:
செய்யலாம். அந்த உயரத்தை அதே வேகத்தில் இறங்க 2.8 மைக்ரோவினாடி ஆகும். கால நீட்சி இல்லையென்றால் நூறு மியூவான்களில் 28 மிஞ்ச வேண்டும். ஒன்பது மடங்கு நீட்சி என்று கொண்டால் 87. வேறுபாடு பெரிதுதான், எனினும் மேலேயும் கீழேயும் ஒரே வேகத்து மியூவான்களைப் பிரித்தெடுப்பதில்தான் உழைப்பு அதிகம். ஃப்ரிஷும் ஸ்மித்தும் அதற்காக மேலே இரும்பை அடுக்கி வைத்தார்கள். கொடிமலை ரயிலில் அதை ஏற்றிச் செல்ல அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.