முனைவர் பட்டத்துக்குச் சூழலியல் பொருளாதாரம் எடுக்கலாமா?

வைகைக்கரை:
எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டேன். சூழலியல் பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்ய ஆசை. துறையில் கேட்டால், "அதான் சுற்றுச்சூழல் பொருளாதாரம் ஒரு பேப்பர் படிச்சியேம்மா, ஏதாவது ஏரிக்குப் போய், இதைக் காப்பாத்த எவ்வளவு தருவீங்கன்னு ஊர்க்காரங்ககிட்ட கேட்டு எழுது, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? அப்புறம் வேலை கிடைக்குமா?

கரும்பலகை:
ஒன்றில்லை. சுற்றுச்சூழல் பொருளாதாரத்துக்குச் சந்தைதான் நடுநாயகம், மாசுக்குச் சரியான விலை போட்டுவிட்டால் மிச்சம் தானாகச் சரியாகும் என்று நம்புவது. சூழலியல் பொருளாதாரம் மொத்தப் பொருளாதாரத்தையும் பூமிக்குள் அடங்கிய ஒரு பகுதியாகப் பார்க்கிறது. ஜார்ஜெஸ்கு-ரோகன் என்ற பொருளாதார அறிஞர் 1971இல், பயன்படுத்த முடிகிற ஆற்றல் குறைந்துகொண்டே போகும் என்கிற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தார், அவரிடம் படித்த ஹெர்மன் டேலி, இந்த வளர்ச்சி எந்த அளவோடு நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் இந்தப் பக்கத்தில் யாரும் விலையே போடுவதில்லை என்று நினைத்துவிடாதே. 1997இல் ராபர்ட் கோஸ்டான்சா என்ற ஆய்வாளரின் குழு உலகத்து இயற்கை செய்துதரும் சேவைகளுக்கு ஆண்டுக்கு 33 லட்சம் கோடி டாலர் என்று மதிப்புப் போட்டதே, அவர்களும் இந்தத் துறைக்காரர்கள்தான். இயற்கைக்கு விலை போடலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நொய்யல்காரன்:
ஐயா சொன்னது சரி, ஆனால் இது பிடிபட வேண்டுமென்றால் எங்கள் திருப்பூர்ப் பக்கம் வந்து பாருங்க. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்தார்கள், சாயக்கழிவு வந்து தேங்கி, கடைசியில் கீழே இருக்கும் விவசாயிகளே 'தண்ணி திறக்காதீங்க' என்று சொல்லும்படி ஆனது. இழப்பீடு கணக்குப் போட்டார்கள், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அதற்கப்புறம் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு. சரி, உப்பு எங்கே போச்சு? பருத்தியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும், துணி அதைக் குடிப்பதில்லை, அத்தனையும் தண்ணீரோடு வந்துவிடும். அந்தத் தண்ணீரை சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றவிடுகிறார்கள். கொஞ்சம் உப்பைத் திரும்பச் சாயத்துக்கே எடுக்கிறார்கள், எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கும். ஆறு பிழைத்தது என்று எழுதலாம், ஆனால் பாய்லர் தின்னும் விறகை எந்தக் கணக்கில் எழுதுவது? உங்கள் தலைப்பு இங்கேயே இருக்கிறது.

கரும்பலகை:
வேலை பற்றிக் கேட்டாயே. பதிவைப் பொருளாதாரத் துறையிலேயே வைத்துக்கொள், ஆள் எடுக்கும்போது பட்டத்தின் துறையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் வேலைத் தகுதிக்கான நெட் தேர்வில் சூழலியல் பொருளாதாரத்துக்குத் தனித் தாள் கிடையாது. பொருளாதாரத் தாளில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் ஒரு அலகில் வரும், அவ்வளவுதான். இந்தியச் சூழலியல் பொருளாதாரச் சங்கம் 1999இலிருந்து இருக்கிறது, 2018இலிருந்து ஒரு ஆய்விதழும் நடத்துகிறது, காசில்லாமல் படிக்கலாம். அதில் யார் எழுதுகிறார்கள் என்று பார்த்து வழிகாட்டியைத் தேடு. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துத் தேடாதே.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி சார். நொய்யல் அண்ணா, பட்டறைக்காரர்கள் உப்புக் கணக்கு தருவார்களா?

நொய்யல்காரன்:
நேரே போய்க் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் தங்கச்சி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, கூடவே உப்பு லாரிக்காரர்களைப் பிடியுங்க. எத்தனை லோடு உள்ளே போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.