ரங்கூன் ஆபீசுக்கு மலிவாக ஒரு ஃபைல் சர்வர், எது தேறும்?

உளுந்துமூட்டை:
வணக்கம். ஷ்வே பொந்தா தெருப் பக்கம் (நம் பெரியவர்கள் வாயில் இன்னும் மொகல் தெருதான்) சின்ன ஆபீஸ், உளுந்தும் துவரையும் சென்னைக்கு ஏற்றுமதி. ஏழு கம்ப்யூட்டர். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், ஸ்கேன் செய்த சான்றிதழ் எல்லாம் கணக்கு பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் கிடக்கிறது, அவர் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மற்ற ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். போன வாரம் கரண்ட் போய் வந்ததில் ஒரு மாதத்து எக்செல் ஃபைல் திறக்கவே இல்லை. மொத்தமே 300 ஜிபி தாண்டாது. கடையில் விண்டோஸ் சர்வருக்கு ஒரு விலை சொன்னார்கள், அதை முதலாளியிடம் (மாமாதான்) சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பழைய ஐ5 டெஸ்க்டாப் ஒன்று 8 ஜிபி ராமோடு மூலையில் இருக்கிறது. அதில் ஏதாவது செய்யலாமா, இல்லை சினாலஜி மாதிரி நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டி எல்லாரும் ஃபைல் வைக்கும் டிஸ்க் பெட்டி) வாங்குவதா?

மோல்மீன்காரன்:
தம்பி, விண்டோஸ் சர்வர் வேண்டவே வேண்டாம், அதற்கு ஆளுக்கோ மெஷினுக்கோ தனி லைசென்ஸ் வேறு கேட்பார்கள். அந்த ஐ5 போதும். ஓப்பன்மீடியாவால்ட் போடு, சாதாரண மெஷினை ஃபைல் சர்வராக்கும் மென்பொருள், இலவசம், டெபியன் லினக்ஸ் மேல் ஓடுவது. சிஸ்டத்துக்குச் சின்ன எஸ்எஸ்டி, ஃபைலுக்கு இரண்டு டிஸ்க், ஒன்றுக்கொன்று மிரர், அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் இருக்கும். அதே வேலை செய்யும் ட்ரூநாஸும் நல்லதுதான், ஸ்னாப்ஷாட் (ஃபைல்களின் பழைய நிலைக்குத் திரும்பும்) வசதிக்காகவே எனக்குப் பிடிக்கும், ஆனால் அது குறைந்தபட்சமாகக் கேட்பதே 8 ஜிபி ராம்தான். டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் என்று கேட்டு வாங்கு, எஸ்எம்ஆர் டிஸ்கை (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் திரும்ப எழுத மெதுவான வகை) மிரரில் போட்டால் ஒன்று செத்து மாற்றும் நாளில் உயிரை வாங்கும்.

பியூஸ்கட்டை:
எல்லாரும் பெட்டியையே பேசுகிறீர்கள். நம் ஊரில் சர்வரைக் கொல்வது கரண்ட். நானும் யுபிஎஸ் இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டினேன், லைன் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் வரும் அந்தச் சில நொடி இடைவெளி தினம் நாலு தடவை வந்து, கடைசியில் மிரர் டிஸ்க் இரண்டும் ஒரே மாதத்தில் போயின. வோல்டேஜைச் சரி செய்யும் லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள், யுஎஸ்பி போர்ட் கட்டாயம் இருக்கணும். அந்த வயரைச் சர்வரில் குத்தி நட் என்ற மென்பொருளை அமைத்துவிட்டால் பேட்டரி இறங்கும்போது சர்வர் தானே ஒழுங்காக அணைந்துவிடும். கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் அதே யுபிஎஸ்ஸில் இடம் கொடுங்கள். அப்புறம், இன்வர்ட்டரில் ஆபீஸ் ஓடுகிறது என்றால் நாஸ் பெட்டிக்கே என் ஓட்டு, இரண்டு டிஸ்க்கோடு 20 வாட் பக்கம்தான் இழுக்கும், பழைய டெஸ்க்டாப் அதைப்போல் இரண்டு மடங்காவது தின்னும்.

டலா படகு:
மிரர் என்பது பேக்கப் இல்லை, இதை யாரும் சொல்லவில்லையே. அக்கா தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் போய்விடும். 2017 மே மாதம் வானாக்ரை (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ்) வந்தபோது மாட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி வாரம் ஒன்று மாற்றி மாமா வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பார்க்கணும் என்று ரௌட்டரில் 445 போர்ட்டை, அதாவது விண்டோஸ் ஃபைல் ஷேர் போகும் வழியை, இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். ஸ்விட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் என்றால் கிகாபிட் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் எந்தச் சர்வர் வைத்தாலும் நொடிக்கு 12 எம்பிக்கு மேல் நகராது.

உளுந்துமூட்டை:
மிக்க நன்றி அண்ணே எல்லாருக்கும். மாமாவிடம் யுபிஎஸ், இரண்டு டிஸ்க், ஸ்விட்ச் என்று பிரித்துச் சொன்னேன், சரி என்றுவிட்டார், யுஎஸ்பி டிஸ்க் மட்டும் ஒன்று போதுமாம். ஒரு சந்தேகம்: யுபிஎஸ் அணைத்த பிறகு கரண்ட் வந்தால் ஐ5 தானே எழுந்திருக்குமா?

பியூஸ்கட்டை:
பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) கரண்ட் திரும்பினால் என்ன செய்யணும் என்று ஒரு செட்டிங் இருக்கும், அதைப் பவர் ஆன் என்று வையுங்கள். கடைசியில் யுபிஎஸ்ஸையும் அணைக்கும்படி நட்டில் சொல்லணும், இல்லையென்றால் பாதி பேட்டரியில் கரண்ட் வந்துவிட்ட நாளில் மெஷின் தூங்கியபடியே கிடக்கும். யுஎஸ்பி டிஸ்க் இரண்டு, மாமாவிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.