உதவி: ஆக்சாலிக் அமிலக் கணக்கில் எனக்கு 28 வருகிறது, புத்தகத்தில் 20 என்று இருக்கிறது

வேதிமாணவி:
3.15 கிராம் ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்து 500 மி.லி. கரைசலாக்கி, அதில் 20 மி.லி. எடுத்தால், அதை நடுநிலையாக்க 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடு எத்தனை மி.லி. தேவை? எத்தனை முறை போட்டாலும் 28 தான் வருகிறது. நாளைக் காலை ஒப்படைக்க வேண்டும். எங்கே பிழை என்று சொன்னால் போதும்.

துளி:
எந்த மோலார் நிறையை, அதாவது ஒரு மோலின் நிறையை, எடுத்துக்கொண்டீர்கள்? செய்த படிகளையும், கேள்வியைப் புத்தகத்தில் உள்ளபடியே சொல் மாறாமலும் எழுதுங்கள்.

நீலலிட்மஸ்:
ஓர் அமில மூலக்கூறுக்கு இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடு தேவை என்பதை விட்டிருப்பீர்கள். இந்தப் பாடத்தில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

குடுவை:
500 மி.லி. நீர் சேர்த்ததா, மொத்தக் கரைசலே 500 மி.லி.யா? மோலாரிட்டியையும் (ஒரு லிட்டர் கரைசலுக்கு எத்தனை மோல்) மோலாலிட்டியையும் (ஒரு கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல்) குழப்பிக்கொண்டால் விடை மாறும்.

மூத்த உறுப்பினர்:
கேள்வியிலேயே ‘500 மி.லி. கரைசல்’ என்று இருக்கிறது, குடுவை. வேதிமாணவிக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: படிகளைக் காட்டாமல் பிழையைக் கேட்பவருக்கு முதலில் தேவைப்படுவது விடையல்ல, மோல் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து படிப்பதே.

பியூரெட்:
நீலலிட்மஸ், 1:2 விகிதத்தை விட்டிருந்தால் விடை பாதியாகக் குறைந்திருக்குமே தவிர, கூடியிருக்காது. 28-ஐ 20-ஆல் வகுத்தால் 1.4, 126-ஐ 90-ஆல் வகுத்தாலும் அதே 1.4. நீரற்ற ஆக்சாலிக் அமிலத்தின் மோலார் நிறை 90; படிகத்துக்குள் பிணைந்திருக்கும் படிக நீர் இரண்டு மூலக்கூறையும் சேர்த்தால் 90 + 36 = 126. கேள்வியில் ‘படிகம்’ அல்லது ‘நீரேறிய’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேதிமாணவி:
‘ஆக்சாலிக் அமிலப் படிகங்கள்’ என்றுதான் இருக்கிறது. நான் 90 எடுத்தேன். கரைத்த பிறகு படிக நீர் கரைசலின் நீரோடு கலந்துவிடும்தானே, அதை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்?

பியூரெட்:
நல்ல கேள்வி. கலந்துவிடுவது உண்மையே, ஆனால் தராசில் வைத்தபோது அந்த நீரும் சேர்ந்தே நிறுக்கப்பட்டது. 3.15 கிராமில் 2.25 கிராம் மட்டுமே அமிலம், மீதி 0.9 கிராம் நீர். எனவே 3.15 ÷ 126 = 0.025 மோல், அது 0.5 லிட்டரில் இருப்பதால் 0.05 மோலார். 20 மி.லி.யில் 0.001 மோல் அமிலம் இருக்கும், அதற்கு 0.002 மோல் காரம் தேவை, 0.1 மோலார் கரைசலில் அது 20 மி.லி.

மூத்த உறுப்பினர்:
இதற்கு இவ்வளவு படிகள் எதற்கு? சமான நிறை (ஓர் அமில ஹைட்ரஜனுக்கு உரிய நிறை) 63, 3.15 கிராம் என்பது 0.05 சமானம், அரை லிட்டரில் 0.1 நார்மல் (லிட்டருக்கு 0.1 சமானம்). காரமும் 0.1 நார்மல் என்பதால் 20-க்கு 20. நார்மாலிட்டியை ஒழுங்காகக் கற்றவர் இதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்.

துளி:
63 என்பதே 126-இல் பாதி. படிக நீரை விட்டவர் சமான நிறையை 45 என்று எடுத்து அதே 28-க்குத்தான் வந்திருப்பார். ஆகவே நார்மாலிட்டி இந்தப் பிழையிலிருந்து காப்பாற்றாது. தவிர, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை எடுத்துக்கொண்டால், அமில ஊடகத்தில் அது 5 எலக்ட்ரான்களையும் நடுநிலை ஊடகத்தில் 3 எலக்ட்ரான்களையும் ஏற்பதால், வினை எது என்று தெரியாமல் அதன் நார்மாலிட்டிக்குப் பொருளே இல்லை. தொடக்க நிலையில் இருப்பவருக்கு மோல் வழியே பாதுகாப்பானது.

மூத்த உறுப்பினர்:
இங்கே நடப்பது அமில-கார வினை. பெர்மாங்கனேட்டை இழுக்க வேண்டிய தேவையே இல்லை. ஆய்வகத்தில் நாள்தோறும் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) செய்பவர்களுக்குச் சமான முறைதான் விரைவானது.

நீலலிட்மஸ்:
விரைவு வேறு, புரிதல் வேறு. சமன்படுத்திய சமன்பாட்டை எழுதி அதிலிருந்து 1:2 என்று எடுப்பவர், எந்த வினை வந்தாலும் தடுமாற மாட்டார்.

வேதிமாணவி:
20 வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

பியூரெட்:
அடுத்த கணக்குகளில் சலவைச் சோடாப் படிகமும் வரலாம். அதில் பத்து மூலக்கூறு நீர் உண்டு. மோலார் நிறை 286, நீரற்றதற்கு 106.