இலையில்லாமல் பூத்து நிற்கும் ஒட்டுண்ணிகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

சோலைமந்தி:
ஒட்டுண்ணிச் செடி, அதாவது இன்னொரு செடியைப் பிடித்து அதன் சத்தை உறிஞ்சி வாழ்வது, இங்கே யாருக்கும் புதிதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை, பருவமழை ஓயும் நேரம், குறிஞ்சி இனப் புதர் ஆளுயரத்துக்கு மண்டிய சரிவு. காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடக் குனிந்தால், புதரடியில் சருகைப் பிளந்துகொண்டு ஒரு கொத்துக் குழல் பூக்கள். இலை கிடையாது. பச்சை என்று சொல்ல ஒரு புள்ளி கிடையாது. தண்டுகூட மண்ணுக்கு மேலே தெரியவில்லை, பூ மட்டும்தான்.

கிறிஸ்டிசோனியா என்று உடனே தெரிந்துவிட்டது. குறிஞ்சி இனங்களின் வேரைப் பிடித்து வாழ்வது. படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேலே நிமிர்ந்து பார்த்தபோதுதான் திக்கென்றது: அந்தப் புதரில் வாட்டமே இல்லை. இலையெல்லாம் பளபளவென்று நிற்கிறது. தன் வேரிலிருந்து இன்னொருவன் பூத்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது இதுதான். குறிஞ்சி இனங்களில் பல, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து மொத்தமாகப் பூத்து மொத்தமாகச் சாகிறவை. நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, பிறகு 2018-ல். அதுபோல ஒரு சரிவு முழுக்கச் செத்துப்போகிற வருஷம் வேரில் இருக்கிற இவன் கதி?

மானாவாரி:
அழகு, பளபளன்னு எழுதுறீங்க. எங்க வயல்ல வர்ற ஒட்டுண்ணிக்குப் பேரு சுடுமல்லி. சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கு, நல்ல மழை, காலடியில சேறு ஒட்டுது. அந்த ஒரு துண்டுல மட்டும் பகல்ல தாள் சுருண்டு தொங்குது. ஈரத்துல நின்னுக்கிட்டே வாடுற பயிரை அன்னிக்குத்தான் பார்த்தேன். வேர்ப்புழுவா இருக்கும்னாங்க. மம்பட்டியால மண்ணோட பெயர்த்து எடுத்து வாளித்தண்ணியில அலசினா, சோள வேருல அங்கங்கே வெள்ளை வெள்ளையா முளை பிடிச்சிருக்கு. வெளியில ஒண்ணுகூடத் தலைகாட்டலை! உள்ளே இருந்தே வேலையை முடிச்சிட்டு, அப்புறம்தான் மேல வந்து பச்சை இலையும் வெள்ளைப்பூவுமா யோக்கியன் மாதிரி நிக்குது. அந்த வாளித்தண்ணி இன்னும் கண்ணுலயே இருக்கு.

உருப்பெருக்கி:
மானாவாரி ஐயா சொன்ன சுடுமல்லிக்குத் தாவரவியல் பெயர் ஸ்ட்ரைகா. அதன் விதையைக் கண்ணாடித் தகட்டில் கொட்டிப் பார்த்திருக்கிறேன். தூசி என்று ஊதிவிட இருந்தார் பக்கத்தில் நின்றவர். என் கதை அவ்வளவுதான், ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது.

ஒரே செடி ஐம்பதாயிரத்துக்கும் மேல் விதை விடும். மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சும்மா ஈரம் பட்டால் முளைக்காது. பக்கத்தில் ஏதாவது வேர் ஓடி, அதிலிருந்து கசிகிற ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருள் பட்டால்தான் முளைக்கும். 1966-ல் இந்த வகைப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது எந்த வேரிலிருந்து தெரியுமா? பருத்தி! பருத்தியில் ஸ்ட்ரைகா ஒட்டவே ஒட்டாது. அதாவது பருத்தி வேர் விதையை எழுப்பிவிடும், பிடிக்க இடம் தராது, முளைத்தது பட்டினியில் சாகும். சரி, எதிரியை எழுப்புகிற பொருளைச் செடி ஏன் கசியவிட வேண்டும்? 2005 வரை அதற்கு விடை இல்லை. வேரோடு சேர்ந்து வாழ்ந்து பாஸ்பரஸ் ஊட்டுகிற பூஞ்சையைக் கூப்பிடத்தான் அது. நண்பனுக்கு விட்ட அழைப்பை ஒட்டுண்ணி ஒட்டுக்கேட்கிறது. சத்தில்லாத மண்ணில் செடி இன்னும் பலமாகக் கூப்பிடும், அதனால்தான் வறண்ட ஏழை மண்ணில் இதன் ஆட்டம் அதிகம்.

ஆகவே ஐயா, ஒன்று: பயிர் சுழற்சியில் பருத்தி, நிலக்கடலை கொண்டுவாருங்கள். சோளத்துக்குப் பின் சோளம் கூடாது. தழைச்சத்தும் தொழுவுரமும் குறையக்கூடாது. வெளியே வந்ததைப் பூக்கும் முன்பே பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். வரப்பில் போடாதீர்கள். அந்தத் துண்டில் ஓட்டிய கலப்பையைக் கழுவாமல் அடுத்த துண்டில் இறக்காதீர்கள். அங்கிருந்து விதைச்சோளம் எடுக்கவே கூடாது.

சோலைமந்திக்கு: உங்கள் கிறிஸ்டிசோனியாவும் ஸ்ட்ரைகாவும் ஒரே குடும்பம், ஓரோபாங்கேசியே. புகையிலைத் தோட்டத்தில் வரும் புகையிலைக் காளானும் அதே குடும்பம்தான், பேருக்குத்தான் காளான். இந்தக் குடும்பத்து வேர் ஒட்டுண்ணிகளுக்குப் பொடி விதையும் பொறுமையும் பொதுச்சொத்து. சரிவு செத்தால் இவன் கதி என்ன என்ற உங்கள் கேள்விக்கான விடையை நான் அந்தப் பக்கம்தான் தேடுவேன்.

மானாவாரி:
நான் யோசனையே கேட்கலையே ஐயா. பருத்தி எங்க அப்பா காலத்துலயே மாத்தி மாத்திப் போட்டதுதான். அப்ப அந்தச் சோலைப்பூ என் சுடுமல்லிக்குப் பங்காளியா? நல்லா இருக்கு.

மணல்மேடு:
கடற்கரை மணல்மேடு. அடப்பங்கொடி, ராவணன் மீசை எல்லாவற்றின் மேலும் கயிற்றுக் கட்டிலைப் பிரித்துப் போட்டதுபோல் அம்மையார் கூந்தல். ஆரஞ்சும் பச்சையுமாக. ஒரு நுனியைத் தூக்கிப் பார்த்தேன், அடப்பங்கொடித் தண்டில் வரிசையாகப் பல் பதித்த மாதிரி பிடிமானம். கையை இழுத்தேன், கொடி அறுந்தது, பிடி விடவில்லை. அந்த இழுப்பு விரலிலேயே நிற்கிறது.

கொடிக்கால்:
அது அம்மையார் கூந்தலே இல்லை. கொத்தான். கடற்கரை மணலில், பச்சையோடிய கொடி, பனிக்குப் பயப்படாமல் வெயிலுக்கும் பயப்படாமல் வருஷம் பூராவும் கிடக்கிறதென்றால் கொத்தான்தான், காசிதா. வெள்ளை மணிபோல் உருண்டைப் பழம் இருந்ததா? இருந்தால் வழக்கு முடிந்தது. அம்மையார் கூந்தலில் சின்ன வெள்ளைப்பூ கொத்தாக ஒட்டியிருக்கும், பிறகு உலர்ந்த காய்.

பார்க்க இரட்டையர், உறவு துளியும் கிடையாது. காசிதா இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பம். அம்மையார் கூந்தல், கஸ்குட்டா, அடப்பங்கொடியின் குடும்பம்! நீங்கள் சொன்ன காட்சியில் தின்னப்படுகிற செடிதான் அம்மையார் கூந்தலுக்கு உறவுக்காரன், தின்கிறவன் இல்லை. இலையையும் மண் வேரையும் துறந்து மஞ்சள் கயிறாகிற வழிக்கு இரண்டும் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன.

என் பங்குக்கு: தொட்டியில் முளைத்த கஸ்குட்டாவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வெறும் நூல். நுனி வட்டமடிக்கிறது, மெதுவாக, துழாவிக்கொண்டு. சில நாளுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் விதையில் இருந்த சாப்பாடு தீர்ந்து சாகும். 2006-ல் அமெரிக்காவில் செய்த சோதனையில் தக்காளிச் செடியின் வாசனையை நோக்கி வளைந்தது, கோதுமையை அவ்வளவாக மதிக்கவில்லை. கோதுமை வாசனையில் இதற்கு ஆகாத ஒரு பொருள் இருக்கிறது. மூக்கில்லாதது மோப்பம் பிடிக்கிறது.

மணல்மேடு:
பழம் இருந்தது. வெள்ளைதான். எங்கள் பக்கம் இரண்டையும் ஒரே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், நான் அப்படித்தான் கூப்பிடப் போகிறேன்.

பூக்கொத்தி:
எல்லோரும் மண்ணைப் பார்க்கிறீர்கள். மாமரத்துப் புல்லுருவியை அண்ணாந்து பாருங்கள். பூவுக்குத் தேன்சிட்டு, பழத்துக்குப் பூக்கொத்திக் குருவி. நான் பார்த்தது: கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பூக்கொத்தி, பழத்தை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் கிளையில் குறுக்காக உட்கார்ந்து பின்புறத்தைத் தேய்க்கிறது. விதை ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்கிறது, பிசின் நூலாக நீள்கிறது. தேய்த்துத் தேய்த்துக் கிளையிலேயே நட்டுவிட்டுப் பறந்தது. அடுத்த புல்லுருவிக்கு அதுதான் நாற்றங்கால்.

அதே கொத்தில் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பூச்சி முட்டையிடுவதே இந்த மாதிரிச் செடிகளில்தான். ஆகவே "வெட்டி எறி" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

மானாவாரி:
வெட்டாம விட்டா மாமரம் காய்க்காது தம்பி. புல்லுருவியை மட்டும் உடைச்சா திரும்பத் துளிர்க்கும், பிடிச்ச இடத்துக்குக் கீழே ஒரு முழம் விட்டுக் கிளையோட அறுக்கணும். (இதுவும் யாரும் கேட்காத யோசனைதான்.)

கைவிளக்கு:
ஆனைமலைப் பக்கம் சோலைக்காடு. சருகுக்கு நடுவே செம்பழுப்பாக உருண்டை உருண்டையாகக் கிளம்பியிருந்தது. கூட வந்த வேட்டைத்தடுப்புக் காவலர், "காளான் இல்ல சார், அது பூ. கை வைக்காதீங்க" என்றார். பெலனோஃபோரா, மர வேரைப் பிடித்து வாழும் ஒட்டுண்ணி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த உருண்டையின் மேல்தோல் பூராவும் குருணை குருணையாகப் பெண்பூக்கள். பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறிய பூக்களில் சேர்ந்தவை. மண்ணுக்குள் இருக்கிற கிழங்கில் இதன் திசுவும் மர வேரின் திசுவும் பின்னிக் கிடக்கும். எங்கே மரம் முடிகிறது, எங்கே இது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. காவலர் நகரச் சொல்லியும் நான் நகரவில்லை.

நாற்றுப்பை:
சந்தனத்தை யாரும் சொல்லவில்லையே. அதுவும் ஒட்டுண்ணிதான்.

பூக்கொத்தி:
சந்தனமா? பச்சை இலையோடு தனி மரமாக நிற்கிறதே.

நாற்றுப்பை:
நிற்கும், அடியில் பிடித்துக்கொண்டு. ஒரே தட்டில் முளைத்த கன்றுகள். பையில் தனியாக வைத்தவை மஞ்சளித்து நின்றுவிட்டன, துவரையோடு வைத்தவை கிடுகிடுவென்று ஏறின. ஒரு பையைக் கிழித்து மண்ணை உதிர்த்தேன். சந்தன வேர் துவரை வேரைத் தொடும் இடத்திலெல்லாம் ஒரு சின்னக் குமிழ் உட்கார்ந்திருந்தது. அதன் வழியாகத்தான் நீரும் தாதுவும் உறிஞ்சும். மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும், அதனால் அரை ஒட்டுண்ணி. நடவு வயலில் பிறகு சவுக்கு, புங்கம் என்று நீண்டகாலத் துணை வேண்டும். பூவை யாரும் பார்ப்பதில்லை. வெளிர்மஞ்சளில் விரிந்து கருஞ்சிவப்பாக மாறும், அத்தனை சின்னது.

சோலைமந்தி:
இடம் கேட்டுத் தனிச்செய்தி அனுப்புகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு பதில்: சொல்ல மாட்டேன். கிறிஸ்டிசோனியாவைத் தோண்டி எடுத்துப் போய்த் தொட்டியில் வைத்தால் வராது, பிடித்த வேரும் புதரும் கூடவே வரவேண்டும். படம் எடுப்பதற்காகச் சருகை ஒதுக்கி மிதித்த தடத்தைப் பக்கத்துக் கொத்திலேயே பார்த்தேன்.

மானாவாரி:
அவங்களை எங்க வயலுக்கு அனுப்பி விடுங்க. வேணுங்கிற அளவு பிடுங்கிட்டுப் போகட்டும். பூக்கிறதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க.